எண்ணெய்த் துளி கற்பித்த பாடம்

உலர்ந்த தலையை வாரிய சீப்பு காகிதத் துணுக்குகளை ஈர்ப்பதை நாம் கண்டிருக்கிறோம். அச்சீப்பில் ஏறிய மின்னூட்டம் நீரைப்போல் எவ்வளவும் பகுக்கத்தக்கதா, அன்றி நாணயங்களைப்போல் எண்ணத்தக்கதா? இவ்வினாவுக்குத் தெளிவான விடை தந்தவர் சிகாகோ பல்கலைக்கழகப் பேராசிரியர் இராபர்ட் மில்லிகன்.

1897இல் ஜே. ஜே. தாம்சன், எலக்ட்ரானின் மின்னூட்டத்திற்கும் நிறைக்கும் உள்ள விகிதத்தை அளந்தார். மின்னூட்டத்தைத் தனியே நுட்பமாக அளக்கும் பணி எஞ்சியிருந்தது. முதலில் நீர்த்துளிகளைக் கொண்டு முயன்ற மில்லிகன், அவை விரைந்து ஆவியாதல் கண்டு, மாணவர் ஹார்வி பிளெட்சரின் துணையுடன் 1909இல் எண்ணெய்த் துளிகளை நாடினார். இரு உலோகத் தகடுகளுக்கிடையே எண்ணெய்த் துளி மெல்லக் கீழிறங்கும். தகடுகளுக்கு மின்னழுத்தம் தந்தால், மின்னூட்டம் பெற்ற துளி மேலேறும். இவ்விரு வேகங்களிலிருந்து துளியின் மின்னூட்டத்தைக் கணக்கிடலாம். கிடைத்த அளவுகள் யாவும் ஒரே சிற்றலகின் முழு மடங்குகளாகவே அமைந்தன. அவ்வலகே எலக்ட்ரானின் மின்னூட்டம். புரோட்டானும் அதே அளவை நேர்க்குறியுடன் தாங்குவதால் அணு நடுநிலை பெறுகிறது. 1964இல் முன்மொழியப்பட்ட குவார்க்குகள் அவ்வலகின் மூன்றில் ஒரு பங்கோ இரு பங்கோ உடையவை. எனினும் அவை தனித்து வெளிப்படுவதில்லை.

இனி, நாம் கருதவேண்டிய செய்தி ஒன்றுண்டு. 1913இல் மில்லிகன் 58 துளிகளின் அளவுகளை வெளியிட்டு, அவை தெரிந்தெடுக்கப்பட்டவை அல்ல என்றார். அவருடைய குறிப்பேடுகளோ விலக்கப்பட்ட துளிகள் பலவற்றைக் காட்டுகின்றன. அவற்றைச் சேர்த்தாலும் விடை பெரிதும் மாறாது. ஆயினும் அக்கூற்று அவர் புகழுக்கு ஒரு மறுவாயிற்று.

மற்றொரு பிழை வேறு வகையினது. காற்றின் பாகுநிலைக்கு அவர் கொண்ட எண் சற்றுக் குறைவாக இருந்தமையால், விடையும் ஏறத்தாழ 0.6 விழுக்காடு குறைந்தது. ஆனால் அவ்வெண்ணை அவர் கட்டுரையிலேயே பதிந்திருந்தார். பின்னாளில் எக்ஸ் கதிர் ஆய்வுகள் முரண்பட்டபோது, பிழையின் இடத்தை அறிஞர்கள் கண்டறிந்து திருத்தினர். 2019 முதல் அவ்வலகு 1.602176634 × 10⁻¹⁹ கூலும் என வரையறுக்கப்பட்டுள்ளது.

செய்முறைத் தேர்வில், நூலில் உள்ள விடைக்கேற்ப அளவுகளை மாற்றி எழுதும் வழக்கம் நம்மிடையே உண்டு. மாணவச் செல்வங்களே, பதிந்த பிழையை நாளை ஒருவர் திருத்துவார். மறைத்த அளவை யாரே திருத்த இயலும்? கண்டதைக் கண்டவாறு எழுதுவோமாக.