தோல் உரிக்கும் அமிலங்கள்: நன்மையும் தீமையும்



ரப்பர்ப் பாலை உறைய வைக்கும் பார்மிக் அமிலத்தை அறியாதவர் நம்மில் மிகச் சிலரே. அதனை நீரில் பன்மடங்கு கலந்தே பாலில் சேர்க்கிறோம். கலக்காத அமிலம் ஒரு துளி கையில் பட்டாலும் தோல் வெந்து போகும். ஒரே பொருள்தான், அளவு மாறும்போது அதன் செயலும் மாறுகிறது. முகப்பரு, கரும்புள்ளி, காலாணி ஆகியவற்றுக்கென இன்று கடைகளில் விற்கப்படும் அமிலக் களிம்புகளுக்கும் நீர்மங்களுக்கும் இவ்வுண்மை பொருந்தும். செனாய் வட்டாரத்து இளைஞர் பலர் இவற்றை வாங்கிப் பூசுவதால், இவற்றைப் பற்றி அறிந்து கொள்வது நம் கடமையாகும்.

அமிலம் தோலில் என்ன செய்கிறது?

நம் தோலின் மேற்பரப்பு இறந்த உயிரணுக்களால் ஆன மெல்லிய அடுக்காகும். கீழிருந்து புதிய அணுக்கள் வளர வளர, பழையவை தாமே உதிர்கின்றன. தோல் இவ்வாறு புதுப்பிக்கப்பட ஏறத்தாழ ஒரு மாத காலம் ஆகும். பழைய அணுக்களை ஒட்டி வைத்திருக்கும் பிணைப்பைத் தளர்த்தி, அவை விரைவில் உதிரச் செய்வதே இவ்வமிலங்களின் வேலை.

கரும்பிலிருந்து கிடைப்பது கிளைக்காலிக் அமிலம். புளித்த பாலில் இருப்பது லாக்டிக் அமிலம். இவ்வகை அமிலங்கள், மீன் செதில்போல் தோல் தடிக்கும் நோய்க்குப் பயன்படுவதை அமெரிக்க மருத்துவர் யூஜீன் வான் ஸ்காட்டும் ஆய்வாளர் ரூயி யூவும் 1974 ஆம் ஆண்டில் வெளியிட்டனர். மற்றொன்று சாலிசிலிக் அமிலம். இஃது எண்ணெயில் கரைவதால், எண்ணெய்ப் பசை அடைத்த நுண்துளைகளினுள் சென்று முகப்பருவைக் குறைக்கிறது. படர்தாமரைக்குப் பூசப்படும் பழைய விட்ஃபீல்டு களிம்பிலும் இது 3 விழுக்காடு உண்டு.

தீமைகள் யாவை?

முதலாவது, வெயில். கிளைக்காலிக் அமிலம் போன்றவற்றைப் பூசிய தோல் வெயிலில் எளிதில் வெந்து விடும். பூசுவதை நிறுத்திய பின்னரும் ஒரு வாரம் எச்சரிக்கை வேண்டும். செனாய் நிலநடுக்கோட்டிலிருந்து 2 பாகைக்கும் குறைவான தொலைவில் உள்ளது. ஆண்டு முழுவதும் இங்கு வெயில் கடுமையே. விடியலில் மர நிழலில் பால் வெட்டுபவரும், பால் எடுத்துத் திரும்பும் வேளையில் வெயிலில் நடக்க வேண்டியிருக்கிறது.

இரண்டாவது, கறுப்புத் தழும்பு. நம்மைப் போன்ற மாநிறத் தோலும் கருநிறத் தோலும் எரிச்சல் கண்ட இடத்தில் மேலும் கறுத்துப் போகும் இயல்புடையவை. கரும்புள்ளியைப் போக்க அளவுக்கு மீறிப் பூசியவர், முன்னிலும் பெரிய கரும்படையுடன் மாதக்கணக்கில் வருந்த நேரிடும். இயற்கை நிறத்தை மாற்றும் ஆற்றல் இவ்வமிலங்களுக்கு இல்லை என்பதையும் உணர வேண்டும்.

மூன்றாவது, காலாணிப் பட்டை. இதில் சாலிசிலிக் அமிலம் 40 விழுக்காடு வரை இருக்கும். நீரிழிவு நோயாளிகளுக்குக் காலில் உணர்ச்சி குன்றியிருக்கலாம். தோல் வெந்து புண்ணாவதை அவர்கள் அறியாமலே போகக் கூடும்; அப்புண் காலையே இழக்கும் நிலைக்குக் கொண்டு சென்று விடலாம். அவர்கள் மருத்துவரைக் கேளாமல் இப்பட்டையை ஒட்டவே கூடாது. கர்ப்பிணிகளும் குழந்தைகளின் பெற்றோரும் கூட மருத்துவரின் ஆலோசனையைப் பெறுதல் வேண்டும்.

வீட்டு எலுமிச்சையும் தீங்கற்றதன்று. அதன் சாறு பட்ட தோலில் வெயில் விழுந்தால், கொப்புளமும் கறுப்பும் தோன்றக் கூடும். பால் உறைய வைக்கும் அமிலத்தையோ, எவ்வளவு நீர் கலந்தாலும் தோலில் பூசலாகாது.

பயன்படுத்தும் முறை

1. பொருளின் பெயர், அமிலத்தின் பெயர், அதன் விழுக்காடு ஆகியவை அச்சிடப்படாத புட்டியை வாங்காதீர்கள். பாதரசமும் ஹைட்ரோகுவினோனும் கலந்த முகப்பூச்சுகளைச் சுகாதார அமைச்சின்கீழ் இயங்கும் தேசிய மருந்தக ஒழுங்குமுறை நிறுவனம் பலமுறை கண்டறிந்து தடை செய்துள்ளது. ஒரு பொருளின் அனுமதி நிலையை அதன் இணையத்தளத்தில் பார்க்கலாம்.

2. குறைந்த அளவுடையதையே தேர்ந்தெடுங்கள். முதலில் முழங்கையின் உட்புறத்தில் சிறிது பூசிச் சில நாள் கவனியுங்கள்.

3. இரவில் மட்டும், தொடக்கத்தில் வாரம் இருமுறை பூசினால் போதும். புண் மீதும் கண்ணருகிலும் பூசாதீர்கள். ஒரே நேரத்தில் இரண்டு அமிலங்கள் வேண்டா.

4. பகலில் அகன்ற தொப்பியும் நீண்ட கைச்சட்டையும் அணியுங்கள். வெயில் காப்புக் களிம்பும் பூசுங்கள்.

5. இலேசான குறுகுறுப்பு இயல்பே. கடும் எரிச்சலோ கொப்புளமோ கண்டால் உடனே ஓடும் நீரில் 20 நிமிடம் கழுவி, அரசாங்கக் கிளினிக்குக்குச் செல்லுங்கள். புட்டியையும் உடன் கொண்டு செல்ல மறவாதீர்கள்.

பாலில் ஊற்றும் அமிலத்தை அளந்து கலக்கும் நாம், பிள்ளைகளின் முகத்தில் பூசுவதை அளவறியாமல் விடலாமா? இன்று மாலையே வீட்டிலுள்ள களிம்புப் புட்டிகளை எடுத்து, அவற்றில் எழுதியிருப்பதைப் பிள்ளைகளைக் கொண்டு உரக்கப் படிக்கச் செய்யுங்கள். அளவு குறிக்கப்படாத புட்டி எதுவாயினும், அதனைப் பயன்படுத்தாமல் ஒதுக்கி விடுங்கள்.