ஈரமானியும் பம்பு செட் பெட்டியும்: இணைக்குமுன் அறிய வேண்டியவை

சொட்டுநீர்ப் பாசனம் அமைத்துள்ள விவசாயிகள் சிலர் மண் ஈரமானியும், பம்பு செட்டைத் தானாக இயக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டியும் வாங்குகின்றனர். இரண்டும் வெவ்வேறு கடைச் சரக்கானால், ஒன்று சொல்வது மற்றதற்குப் புரியாமல் போவதுண்டு. பெட்டியையே மாற்றச் செலவு செய்யுமுன் கீழ்க்கண்டவற்றைக் கவனிப்பது நல்லது.

கம்பி வேறு, மொழி வேறு

தொலைபேசிக் கம்பி சரியாக இருந்தாலும், பேசும் இருவருக்கும் பொதுவான மொழி தெரியாவிட்டால் பேச்சு நடவாது. கருவிகளும் அப்படியே. ஈரமானிகள் பலவற்றில் ஆர்.எஸ். 485 என்ற இணைப்பு உள்ளது. இது 1983-ல் வகுக்கப்பட்ட தரம். இரு கம்பிகளுக்கு இடையேயுள்ள மின்னழுத்த வேறுபாட்டால் செய்தி செல்வதால், குறைந்த வேகத்தில் 1,200 மீட்டர் வரை எட்டும். பழைய ஆர்.எஸ். 232 இணைப்பு சுமார் 15 மீட்டருக்கே ஏற்றது. கம்பியில் பேசப்படும் மொழி பெரும்பாலும் மோட்பஸ். இது 1979-ல் ஆலைக் கருவிகளுக்காக உருவானது.

பெட்டிக்கும் மோட்பஸ் தெரிந்து, இணைப்பு மட்டும் 232 ஆக இருந்தால், 485-ஐ 232 ஆக்கும் சிறு மாற்றி போதும். மொழியே வேறானால் இந்த மாற்றி பயன்படாது. 'கேட்வே' எனப்படும் மொழிமாற்றி வேண்டும். எனவே, வாங்குமுன் இரு கருவிகளின் கையேட்டிலும் இணைப்பையும் மொழியையும் கேட்டறியவும்.

இணைக்கும் முறை

1. ஒவ்வொரு கருவிக்கும் 1 முதல் 247-க்குள் தனி எண் தரவேண்டும். புதிய கருவிகள் பல எண் 1 உடனேயே வருகின்றன. இரண்டை அப்படியே சேர்த்தால், இரண்டும் ஒரே சமயத்தில் பதில் சொல்லிக் குழப்பும். ஒவ்வொன்றாக இணைத்து எண்ணை மாற்றவும்.

2. ஈரமானியில் வேகம் 9,600 என்றிருந்தால் பெட்டியிலும் அதே வேகத்தை வைக்கவும்.

3. முறுக்கிய இரட்டைக் கம்பியை, கிளை பிரிக்காமல் ஒரே தொடராக இழுக்கவும். நீண்ட தொடரின் இரு கோடிகளில் மட்டும் 120 ஓம் மின்தடை பொருத்தவும்.

4. மோட்டார் மின்கம்பி செல்லும் குழாயில் இதைச் சேர்க்கக் கூடாது. செய்தி கெடும்.

அளவைச் சரிபார்த்தல்

சில ஈரமானிகள் 32.5 சதவீதத்தை 325 என்று அனுப்பும். பெட்டியில் பத்தால் வகுக்குமாறு அமைக்காவிட்டால், மண் நல்ல ஈரம் என்றெண்ணி மோட்டார் ஓடாது, பயிர் வாடிவிடும். ஆகவே, முதல் பத்து நாட்கள் வேர்ப்பகுதி மண்ணைத் தோண்டி, கையால் பிடித்துப் பார்த்து, பெட்டி காட்டும் அளவோடு ஒப்பிடவும். ஈரமானியிடமிருந்து பதில் வராவிட்டால் மோட்டார் நிற்குமாறும் அமைத்துக்கொள்ளவும்.

தானாக ஓடும் மோட்டார் எந்நேரமும் புறப்படலாம். மெயின் சுவிட்சை அணைக்காமல் எவரும் அதில் கை வைக்கக் கூடாது. ஒரே மோட்டார், ஒரே பாத்தி உள்ளவர்களுக்கு இந்த ஏற்பாடு தேவையில்லை. கையால் பார்க்கும் ஈரமே போதும். வயல் பல துண்டுகளாக உள்ளவர்கள் முதலில் ஒரு துண்டில் செய்து பார்த்து, பிறகு விரிவுபடுத்திப் பயனடையலாம்.