முற்றத்தில் உருக்கி ஒட்டும் வேலையும் நெருப்பு அபாயமும்

பெரும்போக உழவு தொடங்குங்காலத்தில் இரும்புச் சில்லின் பட்டை வெடிப்பதும் இழுவைப் பெட்டியின் கொளுக்கி முறிவதும் கமக்காரர் அறிந்தவையே. முன்னர் பட்டறையில் நடைபெற்ற உருக்கி ஒட்டும் வேலை, கையிற் கொண்டு செல்லத்தக்க மின் ஒட்டுக் கருவிகள் வந்தபின் வீட்டு முற்றத்திலேயே நடைபெறலாயிற்று. பட்டறையின் நிலம் சீமெந்து. முற்றத்திலோ வைக்கோற் போரும் ஓலைக் கொட்டிலும் அருகிருக்கும். தெறிக்கும் உருகிய இரும்புத் துளிகள் 10 மீற்றர் வரையும் செல்லக்கூடும்.

ஆகவே அத்தூரத்திற்குள் உள்ள வைக்கோல், சாக்கு, எண்ணெய் தோய்ந்த துணி யாவற்றையும் அகற்றுக. போரை அகற்ற இயலாதாயின் வேலையை வேறிடத்திற்கு மாற்றுதலே தகும். நிலத்தை நனைத்தல் நெருப்பைத் தடுக்குமெனினும், ஈர நிலத்தில் வெறுங்காலுடன் நிற்பவரை மின்சாரம் தாக்கும். ஒட்டுபவர் சப்பாத்து அணிந்து, உலர்ந்த பலகைமீது நிற்றல் வேண்டும். நீரும் மணலும் வாளிகளில் ஆயத்தமாக இருக்கட்டும். மின்னை நிறுத்திய பின்னரே நீரை ஊற்றுக. வேலை முடிந்தபின் அரை மணி நேரமேனும் ஒருவர் அங்கே காவலிருத்தல் அவசியம். வைக்கோலுள் விழுந்த பொறி உடனே எரியாது. உள்ளே கனன்று, எல்லோரும் சென்றபின்னரே சுவாலைவிடும்.

இவற்றிலும் கொடிது வெறும் பீப்பா. தோட்டத்து நீர்த்தொட்டிக்காகப் பழைய எண்ணெய்ப் பீப்பாவை நெருப்பால் வெட்டுவோர் பலர். உள்ளே எண்ணெய் இல்லையே என்பர். வெடிப்பது எண்ணெயன்று, காற்றோடு கலந்த அதன் ஆவியே. டீசல் எளிதிற் பற்றாதென்பது மெய்யே, ஆயின் ஒட்டும் சூட்டில் அதுவும் ஆவியாகும். கழுவியது போதுமெனவும் கருதற்க. மடிப்புகளில் தங்கிய எண்ணெய் சூடேறியதும் மீண்டும் ஆவியைக் கக்கும். மூடியைத் திறந்து வைத்தலும் காவலன்று. கிருமிநாசினிப் பீப்பாவாயின் நச்சுப் புகையும் சேரும். இத்தகைய பீப்பாவில் நெருப்பு வேலை செய்யவே வேண்டாம். தொட்டியைச் சீமெந்தாற் கட்டுக. ரயர் பூட்டியபடியே சில்லின் இரும்பு வளையத்தை ஒட்டுதலும் இவ்வாறானதே. காற்றை இறக்கினாலும், உள்ளே சூடேறிய றப்பரின் வாயு வெடிக்கலாம். ரயரைக் கழற்றிய பின்னரே ஒட்டுக.

உழவு இயந்திரத்திலேயே ஒட்டுவதாயின் பற்றரியின் இணைப்பை முதலிற் கழற்றுக. நாக முலாம் பூசிய நீர்க்குழாயின் புகையைச் சுவாசிப்பவருக்குச் சில மணி நேரத்தில் நடுக்கமும் காய்ச்சலும் காணும். அதனைத் திறந்த வெளியில், காற்றுக்கு முதுகைக் காட்டாது, புகை முகத்திற் படாதவாறு பக்கமாக நின்று ஒட்டுக. கறுப்புக் கண்ணாடி பதித்த முகக்கவசம் ஒட்டுபவருக்கு மட்டும் உரியதன்று, பிடித்துக் கொடுப்பவருக்கும் வேண்டும். வேடிக்கை பார்க்கும் சிறுவரை அப்பால் அனுப்பிவிடுக. அவ்வொளியின் தாக்கம் உடனே தெரியாது, இரவிலேதான் கண்ணில் மணல் விழுந்தாற்போல உறுத்தும்.