நாய்க்குட்டிக்கு வைத்தியம் பார்க்கக் காசு எங்கே?



யார் யார் வீட்டில் நாய், பூனை இருக்கு என்று நம்ம வகுப்பில் கேட்டபோது பாதிப் பேருக்கு மேல் கை தூக்கினார்கள். தடுப்பூசி அட்டை இருக்கா என்று கேட்டதும் கைகள் படபடவென்று இறங்கிவிட்டன. காரணம் கேட்டால் எல்லோரும் சொன்ன ஒரே பதில்: காசு இல்லை. சரி, கணக்கு போட்டுப் பார்ப்போமா?

குட்டி நாய்களை அதிகமாகக் கொல்வது பார்வோ வைரஸ். வாந்தி, ரத்தமாகப் பேதி. குடலின் உள்தோலையே அரித்துவிடும். அந்த வைரஸை நேராகக் கொல்ல மருந்து இல்லை. குட்டியின் உடம்பு தானே ஜெயிக்கிறவரை நாலைந்து நாள் டிரிப்ஸ் ஏற்ற வேண்டும். தனியார் கிளினிக்கில் அதற்கு ஆயிரக்கணக்கில் ஆகும். தடுப்பூசிக்கு சில நூறு ரூபாய்தான். குட்டிக்கு 6 முதல் 8 வாரத்தில் முதல் ஊசி, பிறகு 3, 4 வார இடைவெளியில் 16 வாரம் ஆகும்வரை. ரேபீஸ் ஊசி 3 மாதத்தில். அப்புறம் டாக்டர் சொல்கிறபடி வருஷா வருஷம்.

உண்டியலில் தினம் 5 ரூபாய் போட்டால் 5 × 365 = 1825 ரூபாய். வளர்ந்த நாட்டு நாய் ஒன்றின் வருஷ ஊசிக்கும் பூச்சி மருந்துக்கும் பெரும்பாலும் இதுவே போதும். (கடையில் ஒரு பாக்கெட் சிப்ஸ் என்ன விலை என்று நான் சொல்ல வேண்டியதில்லை.)

எங்கே போவது? மனுஷங்களுக்கு ஜிப்மர் மாதிரி, பிராணிகளுக்கு குரும்பாபேட்டில் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கு. 1994-ல் தொடங்கியது. மாணவர்கள் படிக்கிற இடம் என்பதால் பேராசிரியர்கள் கூடவே நின்று பார்ப்பார்கள். அரசு கால்நடை மருந்தகங்களும் உண்டு. இங்கெல்லாம் செலவு குறைவு. ஆனால் வைத்தியத்தை விட ஆட்டோ சார்ஜ் அதிகமாகிவிடும்! ஒரே தெருவில் இரண்டு மூன்று வீட்டுக்காரர்கள் சேர்ந்து ஒரே ஆட்டோவில் போனால் அதுவும் மிச்சம். செப்டம்பர் 28 உலக ரேபீஸ் தினம், அதாவது பிரெஞ்சு விஞ்ஞானி லூயி பாஸ்டர் இறந்த நாள். அதை ஒட்டிப் பல ஊர்களில் இலவச ஊசி முகாம் நடக்கும். நோட்டீஸ் ஒட்டுகிறார்களா என்று பார்த்துக்கொண்டே இருங்கள்.

இன்சூரன்ஸ்? மாட்டுக்கு அரசு மானியத்தோடு உண்டு. 2024-ல் மத்திய அரசு, பிரீமியத்தில் விவசாயி கட்டும் பங்கை 15 சதவீதமாகக் குறைத்தது. நாய்க்கு அந்த மானியம் இல்லை. 2020-க்குப் பிறகு சில தனியார் கம்பெனிகள் நாய்களுக்குப் பாலிசி கொண்டுவந்தன. வயது வரம்பு, காத்திருப்பு நாட்கள் என்று நிபந்தனை நிறைய. விலை கொடுத்து வாங்கிய ஜாதி நாய்க்குச் சரி, நம்ம வீட்டு மணிக்கு உண்டியலே மேல் என்பது என் கருத்து.

அவசரத்துக்கு வட்டிக்கு வாங்குவது பெரிய ஆபத்து. மாசம் நூற்றுக்கு 10 வட்டி என்றால் வருஷத்துக்கு 120 சதவீதம்! 3000 ரூபாய் வாங்கினால் பத்தே மாசத்தில் வட்டி மட்டும் 3000. அசல் அப்படியே நிற்கும். அதை விட டாக்டரிடம் கூச்சப்படாமல் கேட்கலாம்: "சார், எங்ககிட்ட இவ்வளவுதான் இருக்கு. எந்த டெஸ்ட் இன்னிக்கே எடுக்கணும், எது அப்புறம் எடுத்துக்கலாம்? மீதியை ரெண்டு தவணையா கொடுக்கலாமா?" கேட்டால்தானே தெரியும்.

காசை மிச்சம் பிடிக்கிறேன் என்று வீட்டில் இருக்கும் மாத்திரையைக் கொடுக்காதீர்கள். பூனைக்கு பாரசிட்டமால் விஷம். அதை முறிக்கும் என்சைம் பூனை உடம்பில் மிகக் குறைவு. ரத்தம் பழுப்பு நிறமாகி ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் போகும். ஒரே ஒரு மாத்திரையே கொன்றுவிடும்.

இப்போது முக்கிய விஷயம். நம்ம பள்ளி கேட் பக்கத்தில் நாய் 4 குட்டி போட்டு ஒன்றரை மாசம் ஆகிறது. முதல் ஊசி போட வேண்டிய நேரம் இதுதான். அதற்கு சயின்ஸ் டீச்சர் பணம் தருவதாகச் சொல்லிவிட்டார். ரேபீஸ் ஊசிக்கு இன்னும் 45 நாள் இருக்கு. 30 பேர் தினம் 1 ரூபாய் போட்டால் 1350 ரூபாய் சேரும். அடுத்த தவணை பார்வோ ஊசிக்கும் அதிலிருந்துதான் எடுக்க வேண்டும். உண்டியல் சயின்ஸ் லேபில் இருக்கு. குட்டிகளை யாரும் தூக்க வேண்டாம், தாய் கடிக்கும். சாப்பாடு போடுகிற ஆயாவே பிடித்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். ஆட்டோ ஓட்டும் அப்பா, மாமா யாருக்காவது இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள். வரவு செலவுக் கணக்கு வாரா வாரம் இதே சுவரில் ஒட்டப்படும்.

— ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவு