பூச்சியை உண்ணும் செடிகள்

முசுக்கொட்டை இலையைப் புழு தின்கிறது. அப்புழு கட்டிய கூட்டிலிருந்து பட்டிழை கிடைக்கிறது. அவ்விழையைச் சேலையாக்குவது காஞ்சிபுரத்தின் தறி. ஒரு புழு இலையைத் தின்பதனால் வாழும் நகரம் காஞ்சி என்றே கூறிவிடலாம். இம்முறை தலைகீழாக நிகழ்வதையும் தமிழ்நாட்டில் காணலாம். இங்கே இலை பூச்சியைத் தின்கிறது.

தமிழகத்தின் கிழக்குச் சமவெளிகளில், பருவமழை ஓய்ந்தபின், ஏரியோரத்து ஈரமணலைக் குனிந்து நோக்குவோர்க்கு, நாணயம்போல் வட்டமாகத் தரையோடு ஒட்டிய சிறு செடிகள் சில இடங்களில் தென்படும். வெயில் பட்டால் அவை சிவந்து தோன்றும். இலைதோறும் மயிர்போன்ற நீட்சிகள். அவற்றின் நுனிதோறும் ஒரு பளிங்குத் துளி. காலைப் பனி உலர்ந்து நெடுநேரமான பின்னும் அத்துளிகள் உலர்வதில்லை. செடி ஓயாது கண்ணீர் வடிப்பதுபோல் தோன்றுவதால் இதனை அழுகண்ணி என்றனர். டிரோசிரா என்பது தாவர நூலார் இட்ட பெயர்.

அத்துளி நீரன்று, பசை. தேன் என எண்ணி வந்தமரும் சிற்றுயிர் அதில் ஒட்டிக்கொள்கிறது. அது துடிக்கத் துடிக்க நீட்சிகள் வளைந்து அதனைப் பற்றுகின்றன. பின்னர்ச் செரிமான நீர் சுரந்து அதன் உடலைக் கரைக்கிறது, எஞ்சுவது வெற்றுத்தோலே.

சார்லசு டார்வின் 1860ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் இச்செடியின் இனம் ஒன்றைக் கண்டு வியந்தார். இறைச்சி, பால், முட்டையின் வெண்கரு, கண்ணாடித்துணுக்கு எனப் பலவற்றை அதன் இலைமேல் இட்டு ஆராய்ந்தார். மழைத்துளி விழுந்தால் அசையாத நீட்சிகள், மிக மெல்லிய மயிர்த்துண்டுக்கும் வளைந்தன! அவர் நூல் 1875இல் வெளிவந்தது. பூச்சி பெற்ற செடிகள் மிகுதியான விதை ஈனுகின்றன என்பதை அவர் மகன் பிரான்சிசு 1878இல் மெய்ப்பித்தார்.

பச்சிலை உடைய செடிக்கு இந்த வேட்டை எதற்கு? இது வாழும் மணலில் நைட்ரசன் முதலிய சத்துகள் மிகக் குறைவு. கதிரவன் ஒளியால் மாவுப்பொருளைத் தானே ஆக்கிக்கொள்ளும் இச்செடி, மண் தராத சத்தைப் பூச்சியிடம் பெறுகிறது. ஆகவே பூச்சி இதற்குச் சோறன்று, எருவே.

இதனை உணராமல் வளர்க்கப் புகுவோர் அன்பினாலேயே செடியைக் கொன்றுவிடுகின்றனர். எரு இட்டால் மெல்லிய வேர்கள் கருகும். இறைச்சியையோ சோற்றையோ வைத்தால் இலை அழுகும். உப்புக் கலந்த கிணற்றுநீரும் ஆகாது. காஞ்சியில் ஒருவர் இதனை வளர்க்க விரும்பினால், ஐப்பசி, கார்த்திகை மழையில் கூரைநீரைப் பிடித்துச் சேமித்தலே முதற்பணி. உப்பு நீங்கப் பலமுறை கழுவிய தென்னைநார்த் தூளையும் மணலையும் கலந்து, அடியில் துளையுள்ள சிறு தொட்டியில் நிரப்புதல் வேண்டும். தொட்டியை ஒரு விரற்கடை மழைநீர் நின்ற தட்டில் வைத்து, நல்ல வெயிலில் விட்டால் போதும். பூச்சியைத் தேடித் தர வேண்டுவதில்லை. கொசுவும் எறும்பும் தாமே வரும்.

குளத்து நீரில் மிதக்கும் உட்ரிகுலேரியா என்னும் இனம் இதனினும் விந்தையானது. அதன் நுண்ணிய பைகள், வாயிலைத் தொட்ட நீர்ப்பூச்சியை ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கினும் குறைந்த நேரத்தில் உறிஞ்சிவிடும்.

விந்தை என்பதே இச்செடிகளுக்குத் தீங்காகவும் முடிகிறது. இந்தியாவிற்கே உரிய கெண்டிச்செடியான நெப்பந்தசு காசியானா மேகாலய மலைகளில் வளர்கிறது. ஆர்வலரும் வணிகரும் பெயர்த்தெடுத்ததாலும், சுரங்கத்தொழில் முதலியவற்றாலும் அது அருகியது. இன்று 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் அதனைக் காக்கிறது. அழுகண்ணிக்கோ அத்தகைய பெயர் இல்லை. ஏரியோரத்தை மண்கொட்டி மேடாக்கும்போது அது ஒருவர் கண்ணிலும் படாமலே மறைகிறது. வேரோடு பறித்து வீட்டுக்குக் கொணர்ந்த செடியும் பெரும்பாலும் பிழைப்பதில்லை.

விதையை எடுத்தல் எளிது. கோடையில் செடி காய்ந்து மடியுமுன், அதன் காய்க்குள் தூள்போன்ற கரிய விதைகள் முதிர்ந்திருக்கும். ஓரிரு காய்களை மட்டும் தாளில் உதிர்த்து மடித்து வைத்து, அடுத்த ஐப்பசியில் ஈரமணலின் மேல் தூவ வேண்டும், மண்ணிட்டு மூடலாகாது. ஒளி பட்டால்தான் அவை முளைக்கும்.