பால் இயக்குநீர்களும் நோய் எதிர்ப்பாற்றலும்

(மூன்றாமாண்டு விலங்கியல் மாணவி, செம்மேடு)

காயடித்த கிடாய் கொழுக்கும், முரட்டுத்தனம் குறையும் என்பது எங்கள் கொல்லிமலையில் ஆடு வளர்க்கும் எவரும் அறிந்த செய்தி. ஆனால் அதன் மார்பெலும்புக்குப் பின்னால் நிகழும் ஒரு மாற்றத்தை யாரும் கவனிப்பதில்லை. 1898ஆம் ஆண்டில் கால்சோலாரி என்ற இத்தாலிய அறிஞர், விரை நீக்கப்பட்ட முயல்களில் தைமஸ் சுரப்பி பெரிதாக இருப்பதைக் கண்டார். அச்சுரப்பியின் பயன் என்னவென்று அன்று எவருக்கும் தெரியாது. 1961இல் மில்லர் என்பவர் எலிக்குட்டிகளில் ஆராய்ந்து, நோய் எதிர்ப்பாற்றல் உருவாவதற்குத் தைமஸ் இன்றியமையாதது என நிறுவினார். டி நிணநீர்ச் செல்கள் முதிர்ச்சியடையும் பள்ளிக்கூடம் அதுவே. அப்படியானால், இனப்பெருக்கத்திற்கென நாம் படிக்கும் இயக்குநீர்கள் நோய் எதிர்ப்பிலும் தலையிடுகின்றன அல்லவா?

செல்லுக்குள் நடப்பது என்ன?

இயக்குநீர் சாவி என்றால், செல்லில் உள்ள ஏற்பி அதற்குரிய பூட்டு. நிணநீர்ச் செல்கள், விழுங்கு செல்கள் ஆகியவற்றிலும் இப்பூட்டுகள் உள்ளன. இயக்குநீர் ஏற்பியுடன் இணைந்து, உட்கருவிலுள்ள டி.என்.ஏ.யைப் பற்றி, சில மரபணுக்களை முடுக்குகிறது, சிலவற்றை அடக்குகிறது.

பெண்களிடம் மிகுந்துள்ள ஈஸ்ட்ரோஜன், பி நிணநீர்ச் செல்களைத் தூண்டி எதிர்ப்பொருள் உற்பத்தியைப் பெருக்குகிறது. எனவேதான் தடுப்பூசிகள் பலவற்றுக்குப் பெண்களின் உடல் கூடுதலாக எதிர்ப்பொருளை உண்டாக்குகிறது. ஆண்களின் டெஸ்டோஸ்டிரோன் பெரும்பாலும் கடிவாளம் போல் செயல்படுகிறது. கருவுற்ற காலத்தில் மிகும் புரோஜெஸ்டிரோன், தந்தையின் கூறுகளையும் தாங்கிய கருவை அயற்பொருளென்று தாக்காதபடி தாயின் செல்களை அமைதிப்படுத்த உதவுகிறது. முடக்குவாத நோயுற்ற பெண்கள் பலருக்குக் கர்ப்பகாலத்தில் வலி தணிவதை ஹென்ச் என்ற மருத்துவர் 1938இல் பதிவு செய்தார். பிரசவத்திற்குப் பின் வலி மீண்டும் தலைதூக்குவதுண்டு.

நன்மையும் தீமையும்

கூர்மையான கத்தி தன் கையையும் வெட்டும். எதிர்ப்பொருள் தன் உடலையே தாக்கும் லூபஸ் நோயாளிகளில் ஏறத்தாழ பத்துக்கு ஒன்பது பேர் பெண்கள். அவர்களுள் பெரும்பாலோர் மகப்பேற்றுப் பருவத்தினர். இதற்கு இயக்குநீர் மட்டும் காரணமன்று. எக்ஸ் குரோமோசோமில் உள்ள, நோய் எதிர்ப்பைத் தூண்டும் சில மரபணுக்களும் காரணமாகின்றன.

மறுபுறம், காசநோய் ஆண்களையே மிகுதியாகப் பற்றுகிறது. இந்தியாவில் 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் கணக்கெடுப்பும் இதையே காட்டியது. புகை, மது, வேலையிடச் சூழல் ஆகியவற்றுக்கு இதில் பெரும்பங்கு உண்டு. எனினும், 2014இல் வெளியான ஓர் ஆய்வில், விரை நீக்கப்பட்ட ஆண் எலிகள் மற்ற ஆண் எலிகளைவிடக் காசநோயை நன்கு தாங்கின. ஆகவே டெஸ்டோஸ்டிரோனுக்கும் இதில் பங்கிருக்கலாம்.

நமக்கென்ன?

என் சித்திக்கு மூட்டுவலியும் ஓயாத களைப்பும் காய்ச்சலும் இருந்தன. "பொம்பளைக்கு இதெல்லாம் இருக்கிறதுதான்" என்று வீட்டில் எல்லோரும் சொன்னோம், நானும் சொன்னேன். கன்னங்களில் சிவந்த தடிப்பு வந்து, கால் வீங்கிய பிறகே மலையிறங்கினோம். லூபஸ் என்று தெரிந்தபோது சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருந்தது. இன்று மருந்தால் நடமாடுகிறார். முன்பே போயிருந்தால் அவ்வளவு சேதம் நேர்ந்திராது.

நண்பர்களே, தாயோ தமக்கையோ நாள்பட்ட மூட்டுவலியும் களைப்பும் சொன்னால் அதைப் பெண்மையின் இயல்பென்று ஒதுக்காதீர்கள். தந்தையோ அண்ணனோ இரண்டு வாரத்திற்கு மேல் இருமினால், பீடி இருமல் என்று விடாமல் அரசு மருத்துவமனையில் இலவசமாகச் சளிப் பரிசோதனை செய்யுங்கள். ஆணுக்கும் பெண்ணுக்கும் எதிர்ப்பாற்றல் வேறுபடுகிறது என்று படித்த நாம், இருவர் சொல்வதையும் ஒரே அக்கறையுடன் கேட்க வேண்டாமா?