மீட்டரைக் குறைத்து விற்ற கார்: பணம் திரும்பக் கிடைக்குமா?

கேள்வி: ஈரோட்டில் ஒரு கார் கன்சல்டிங்கில் 2014 மாடல் டீசல் கார் ஒன்றை 3,40,000 ரூபாய்க்கு வாங்கினேன். வீட்டு உபயோகத்துக்குத்தான். மீட்டர் 62,000 கி.மீ. காட்டியது. ‘இன்ஜினில் கை வைத்ததே இல்லை’ என்று கடைக்காரர் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார். மூன்றாவது வாரமே கூலன்ட் குறைந்து, இன்ஜின் சூடேறி நின்றுவிட்டது. ஹெட் கேஸ்கெட் போய்விட்டது, 80,000 ரூபாய் ஆகும் என்கிறார் மெக்கானிக். டேஷ்போர்டுக்குள் கிடந்த 2021-ஆம் வருட சர்வீஸ் பில்லில் 1,18,000 கி.மீ. என்று இருக்கிறது. கடைக்காரரிடம் கேட்டால், ‘உள்ளது உள்ளபடி எடுத்துக்கொள்கிறேன் என்று டெலிவரி நோட்டில் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களே’ என்கிறார். நான் என்ன செய்வது?
- வாசகர், கோபிசெட்டிபாளையம்

பதில்: இன்ஜினை இப்போது கழற்றவிடாதீர்கள். கழற்றி வேலை பார்த்துவிட்டால் சாட்சியம் போய்விடும். ‘உங்கள் மெக்கானிக்தான் கெடுத்தார்’ என்று அவர்கள் சொல்ல வழியும் கிடைத்துவிடும். வண்டியை அந்த கம்பெனியின் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் விட்டு, பழுது என்ன, அது எத்தனை நாளாக இருந்திருக்கக்கூடும் என்று எழுத்தில் வாங்குங்கள். பழைய சர்வீஸ் பதிவுகளையும் கேளுங்கள். வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காமல், அந்த போனையும் மாற்றாமல் வைத்திருங்கள்.

கையெழுத்தைப் பற்றிக் கவலைப்படுகிறீர்கள். பழைய வண்டியில் தேய்மானம் இருக்கத்தான் செய்யும். கிளட்ச், டயர், பேட்டரி என்று வந்திருந்தால் அந்தக் கையெழுத்து உங்களுக்கு எதிராகத்தான் நிற்கும். ஆனால் பொய் சொல்லி விற்றதை அது மூடி மறைக்காது. இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-இன் 17-ஆவது பிரிவின்படி, பொய் என்று தெரிந்தே ஒன்றை உண்மை போலச் சொல்வது மோசடி. 19-ஆவது பிரிவின்படி, அப்படி ஏமாந்தவர் ஒப்பந்தத்தையே ரத்து செய்யலாம். ‘மெக்கானிக்கைக் கூட்டிவந்து பார்த்துத்தானே எடுத்தீர்கள்’ என்று அவர்கள் வாதாடுவார்கள். பார்த்ததும் தெரிந்திருக்க வேண்டிய குறைக்கு அந்த வாதம் பொருந்தும். குறைத்து வைத்த மீட்டருக்குப் பொருந்தாது. உங்கள் கையிலிருக்கும் மிக வலுவான ஆவணம் அந்தப் பழைய பில்தான். அதைப் பத்திரப்படுத்துங்கள்.

ஆனால் மீட்டரைக் குறைத்தது கடைக்காரரா, அவருக்கு முந்தைய உரிமையாளரா என்ற கேள்வி வரும். ஆகவே ஆர்.சி.யில் உள்ள முந்தைய உரிமையாளரைச் சந்தித்து, விற்றபோது மீட்டர் எவ்வளவு காட்டியது என்று கேளுங்கள். எழுதிக் கொடுத்தால் இன்னும் நல்லது.

நீங்கள் வியாபாரியிடம் வாங்கியதால் நுகர்வோர் ஆணையம் போகலாம். தெரிந்தவர் ஒருவரிடம் நேரடியாக வாங்கியிருந்தால் உரிமையியல் நீதிமன்றம்தான் வழி. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி உங்கள் ஊர் அடங்கிய மாவட்ட ஆணையத்திலேயே மனு போடலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்றும் இல்லை. காலக்கெடு 2 வருடம். 2023 ஏப்ரல் 1 முதல் பழைய வண்டி வியாபாரிகள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அங்கீகாரச் சான்று பெற்றிருக்க வேண்டும். அந்தக் கடைக்கு அது உண்டா என்று விசாரித்து, இல்லையென்றால் மனுவிலேயே எழுதுங்கள்.

காவல் துறையில் பாரதிய நியாய சன்ஹிதா 318-ஆவது பிரிவின் கீழ் ஏமாற்றுதல் புகார் தரலாம். ஆனால் ‘இது சிவில் விவகாரம்’ என்று பெரும்பாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதை மட்டும் நம்பி நாட்களைக் கடத்தாதீர்கள்.

முழுப் பணமும் வேண்டுமென்றால் இனி வண்டியை ஓட்டாதீர்கள். குறை தெரிந்த பிறகும் ஓட்டினால், வண்டியை ஏற்றுக்கொண்டதாக எடுத்துக்கொள்வார்கள். பழுதுச் செலவும் நஷ்ட ஈடும் கிடைப்பது அதைவிடச் சுலபம் என்பது என் கருத்து. இரண்டையும் மாற்றாகக் கேட்டு மனு எழுதுங்கள்.

முதல் வேலையாக, பில், வாட்ஸ்அப் நகல், சர்வீஸ் சென்டர் அறிக்கை மூன்றையும் இணைத்து, 15 நாள் அவகாசம் கொடுத்து, ஒப்புகையுடன் ஸ்பீடு போஸ்டில் இந்த வாரமே நோட்டீஸ் அனுப்பிவிடுங்கள்.